களக்காட்டைக் காட்டிக் கூப்பிட்டவர்கள்

கம்ப்யூட்டரில் சாம்ராஜ்ஜியம் கட்டுகிற விளையாட்டுகளில் சண்டை போடுவது சுலபம். நாலு பீரங்கி, நாற்பது குதிரை, மவுஸில் ஓர் அமுக்கு. எதிரி ஊர் காலி. சிநேகம் பிடிப்பதுதான் பெரும்பாடு.

வீட்டில் பத்தாவது படிக்கிற பையன் இருந்தால் கேட்டுப் பாருங்கள். சிவிலைசேஷன் என்றொரு விளையாட்டு. 1991-ல் பிறந்தது, இன்னும் உயிரோடு இருக்கிறது. 2010-ல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் குட்டிக் குட்டியாகச் சில நகர அரசுகள் வரும். நம் ஊர்ப் பாளையங்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவர்களுக்குப் பொன் கொடுத்தால் உங்கள் செல்வாக்கு ஏறும். முப்பது புள்ளி ஆனால் நண்பன். அறுபது ஆனால் கூட்டாளி. கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் புள்ளி தானாகக் கரைந்துகொண்டே வரும். பக்கத்து ராஜா அதிகம் கொடுத்தால் உங்கள் கூட்டாளி அந்தப் பக்கம் போய்விடுவான். 2025 பிப்ரவரியில் ஏழாம் பதிப்பு வந்தது. அதில் செல்வாக்கையே தனி நாணயம் ஆக்கிவிட்டார்கள். பொன் தனி, செல்வாக்கு தனி. நம்ம சோழர்களாகக்கூட ஆடலாம்.

எல்லாம் சரி. ஆனாலும் ஆடி முடித்து எழுந்திருக்கும்போது ஏதோ மளிகைக்கடைக்குப் போய் வந்த மாதிரிதான் இருக்கிறது. புள்ளி வாங்கினோம், புள்ளி செலவழித்தோம். இதில் ராஜதந்திரம் எங்கே வந்தது?

இத்தனைக்கும் 1959-லேயே ஓர் அமெரிக்கர் இந்த முடிச்சை அட்டையும் மரக்கட்டையும் வைத்து அவிழ்த்துக் காட்டிவிட்டார். ஆலன் கால்ஹாமர் என்று பேர். டிப்ளமஸி என்று அவர் ஒரு பலகை விளையாட்டு செய்தார். ஏழு நாடுகள். தாயக்கட்டை கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது. ஆட்டக்காரர்கள் தனித்தனியாக மூலைக்குப் போய்க் குசுகுசுவென்று பேசுவார்கள், சத்தியம் செய்வார்கள். பிறகு அவரவர் உத்தரவைச் சீட்டில் எழுதி, எல்லாச் சீட்டையும் ஒரே நேரத்தில் பிரிப்பார்கள். யார் யாரை முதுகில் குத்தினார்கள் என்று அப்போதுதான் தெரியும். செல்வாக்குக்கு அதில் புள்ளியே இல்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் செல்வாக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இதற்கெல்லாம் வழி கண்டுபிடிக்க மண்டையை உடைத்துக்கொள்கிற விளையாட்டு இஞ்சினீயர்களுக்கு மதுரையில் ஒரு தென்காசி பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நிற்கும். ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியும், பால்கோவா ஜன்னலுக்கு வரும். அடுத்தது ராஜபாளையம். நாய்க்கும் நூற்பாலைக்கும் பேர் போன ஊர். பேரிலேயே பாளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தாண்டினால் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை. வலது கைப் பக்கம் மலை கூடவே வரும். இடது கைப் பக்கம் கரிசல். 1755-லிருந்து ஏழெட்டு வருஷம் இந்த ஒரே ரோட்டின் இரண்டு பக்கமும் ஒரு டிப்ளமஸி ஆட்டம் நடந்தது. சீட்டைப் பிரித்தபோது நிஜமாகவே தலைகள் உருண்டன.

*

முதலில் பலகையைப் பார்த்துவிடலாம்.

மதுரை நாயக்கர் ஆட்சி 1736 வாக்கில் முடிந்தது. ராணி மீனாட்சியை நம்பவைத்துக் கழுத்தறுத்துச் சந்தாசாகிப் மதுரையைப் பிடித்தார். அப்புறம் ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சந்தாசாகிபும் முகமது அலியும் மோதினார்கள். 1752-ல் சந்தாசாகிப் தலை போனது. முகமது அலி ஜெயித்தார். ஜெயித்தது அவர், ஜெயிக்க வைத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. கம்பெனி எதையாவது சும்மா செய்யுமா? பில் நீட்டியது. நவாபிடம் ரொக்கம் இல்லை. 'தெற்கே பாளையக்காரர்கள் எனக்கு வரி பாக்கி. வாருங்கள், சேர்ந்து வசூல் பண்ணலாம்' என்றார்.

பாளையக்காரர்களோ, 'நாங்கள் கப்பம் கட்டியது நாயக்கருக்கு. நீ யாரப்பா?' என்றார்கள்.

பாளையக்காரர்கள் என்றால் எல்லோரும் ஒரே கட்சி என்று நினைத்துவிடக் கூடாது. மலையடிவார மேற்குப் பாளையங்கள் பெரும்பாலும் மறவர்களுடையவை. கிழக்குக் கரிசலில் எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி என்று தெலுங்கு பேசிய நாயக்கர்கள். இரண்டு தரப்புக்கும் வாய்க்கா வரப்புத் தகராறு தலைமுறை தலைமுறையாக உண்டு. மேற்குப் பாளையங்களுக்குள்ளேயே ஒருத்தருக்கொருத்தர் ஆகாது.

மேற்குப் பாளையங்களில் ஒன்று நெற்கட்டும்செவல். வாசுதேவநல்லூருக்குக் கிழக்கே, சங்கரன்கோவில் பக்கம். அங்கே பூலித்தேவர்.

1755 பிப்ரவரியில் கர்னல் ஹெரான் திருச்சியிலிருந்து கிளம்பினார். ஐநூறு வெள்ளைக்காரச் சிப்பாய்கள், இரண்டாயிரம் நம்மூர்ச் சிப்பாய்கள். கூடவே நவாபின் அண்ணன் மாபூஸ்கான், ஆயிரம் குதிரைகளோடு. இந்த மாபூஸ்கானைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1746-ல் அடையாற்றங்கரையில் ஒரு சின்னப் பிரெஞ்சுப் படையிடம் பெரிய சேனையோடு தோற்றுப்போன அதே ஆசாமிதான்.

ஹெரான் வந்த வழியில் செய்த முதல் காரியம், மதுரைக்குப் பக்கத்தில் கோவில்குடிக் கோயிலுக்குள் புகுந்து சாமி விக்கிரகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் திருப்பித் தருவதாக ஊர்க்காரர்களிடம் பேரம். யாரும் கொடுக்கவில்லை. சரி, கிடக்கட்டும் என்று மூட்டையோடு மூட்டையாகக் கட்டிக்கொண்டார்கள். அந்த வருஷம் மே மாதம் நத்தம் கணவாய் வழியாகத் திரும்பும்போது கள்ளர்கள் மறித்து அடித்த அடியில் படை சின்னாபின்னமானது. விக்கிரகங்கள் வீடு திரும்பின. ஹெரானுக்கு ராணுவ விசாரணை நடந்து வேலையும் போனது.

ஐயாயிரம் ரூபாய்க்காக அவர் இழந்தது எத்தனை புள்ளி? விளையாட்டில் இதற்குக் கணக்கு இருக்காது.

திருநெல்வேலிச் சீமையில் ஹெரான் சும்மா இருக்கவில்லை. பாளையக்காரர்களை மிரட்டினார். கட்டபொம்மு நாயக்கர் கொஞ்சம் பணம் கட்டி, மீதிப் பாக்கிக்கு ஆட்களைப் பிணையாகக் கொடுத்தார். இவர் 1799-ல் கயத்தாற்றில் தூக்கில் தொங்கிய வீரபாண்டிய கட்டபொம்மன் இல்லை, அவருக்கு முந்தைய தலைமுறை. எட்டயபுரத்துப் பிணையாட்களும் நவாப் தரப்பின் கைக்குப் போனார்கள்.

நெற்கட்டும்செவல் கோட்டை முன்னால் போய் நின்று இருபதாயிரம் ரூபாய் கேட்டார்கள். பூலித்தேவர் அசையவில்லை. வெளியே நிற்கும் படைக்குச் சோறும் சம்பளமும் தீர்ந்து வருகிறது, திருச்சியிலிருந்து 'திரும்பி வா' என்று ஓலை வந்துவிட்டது என்பதெல்லாம் உள்ளே இருந்தவருக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்றால், ஹெரானின் துபாஷிக்குப் பையும் பெரிது, வாயும் பெரிது. இருபதாயிரம் குறைந்தது, இன்னும் குறைந்தது, கடைசியில் ஒரு காசும் பெயராமல் படை கிளம்பிப் போனது.

ஒரு குண்டு செலவில்லாமல் கிடைத்த அந்த வெற்றிதான் பூலித்தேவருடைய மூலதனம்.

*

ஹெரான் போகிற போக்கில் மதுரை, திருநெல்வேலி இரண்டையும் வருஷம் பதினைந்து லட்சம் ரூபாய்க்கு மாபூஸ்கானுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போயிருந்தார். அவரைத் துரத்த வேண்டும். தனியாளாக முடியாது. யாரைக் கூப்பிடுவது?

பூலித்தேவரிடம் கம்பெனிக்கு ஈடான பீரங்கி கிடையாது. கொடுப்பதற்குப் பணமும் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு விஷயம் நன்றாகப் புரிந்திருந்தது. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பசி இருக்கிறது, அது என்னவென்று தெரிந்தால் போதும்.

சந்தாசாகிப் காலத்தில் இங்கே வந்து தங்கிவிட்ட பட்டாணியத் தளபதிகள் மூன்று பேர். மியானா, மூடேமியா, நபிகான் கட்டக். வேலை போன தளபதிகள். மறுபடி ஆள வேண்டும் என்பது அவர்களுடைய பசி. அவர்கள் பூலித்தேவர் பக்கம்.

திருவிதாங்கூருக்குக் களக்காட்டுப் பசி.

களக்காடு, திருநெல்வேலிச் சீமையின் தெற்கு மலையடிவாரம். வற்றாத தண்ணீர், நல்ல நெல் பூமி. வேணாட்டு அரசர்கள் ஒரு காலத்தில் அங்கேயே இருந்து ஆண்டதும் உண்டு. மேலே சொன்ன மூடேமியா, திருநெல்வேலி தன் கையில் இருந்தபோது களக்காடு முதல் கன்னியாகுமரி வரை திருவிதாங்கூருக்கு விற்றே விட்டார். யார் சொத்தை யார் விற்பது என்றெல்லாம் கேட்காதீர்கள். ஹெரான் படை வருகிறது என்றதும் திருவிதாங்கூர் ஆட்கள் பின்வாங்கினார்கள். படை போனதும் மறுபடி வேண்டும் என்றார்கள்.

அப்போது அங்கே ராஜா மார்த்தாண்டவர்மா. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களையே மண்ணைக் கவ்வ வைத்தவர். பூலித்தேவர் அவரோடு பேசி முடித்தார். இரண்டு படையும் சேர்ந்து களக்காட்டில் மாபூஸ்கானின் ஆட்களை அடித்துத் துரத்தின. களக்காடு திருவிதாங்கூருக்கு. அதோடு அவர்களுடைய பசி அடங்கிவிட்டது. அவர்கள் பாட்டுக்கு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

இதை ஒரு தரம் நிறுத்திப் படியுங்கள். கேட்டதைக் கொடுத்தாகிவிட்டது, கொடுத்த மறுநாளே கூட்டாளிக்கு உங்களிடம் வேலை இல்லை. கரையும் புள்ளி என்பது இதுதான். விளையாட்டில் அது சும்மா நேரம் போகப் போகக் கரைகிறது. இங்கே அது கொடுத்த கையோடு கரைந்தது.

பூலித்தேவர் அடுத்து வடக்கே பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்.

ஏன் ஸ்ரீவில்லிபுத்தூர்? மேப்பைப் பாருங்கள். மதுரையிலிருந்து மேற்குப் பாளையங்களுக்கு வருகிற பாதையின் கழுத்து அது. திருமலை நாயக்கர் அங்கே ஓர் அரண்மனை கட்டி வைத்தது பால்கோவாவுக்காக இல்லை. கோட்டையில் நவாபின் இன்னொரு சகோதரர் அப்துல் ரகீம் படையோடு உட்கார்ந்திருந்தார். 1756 தொடக்கத்தில் பூலித்தேவர் அணி அதைப் பிடித்தது. அப்துல் ரகீம் தப்பித்து ஓடினார்.

கோட்டையைவிடப் பெரிய லாபம் அடுத்த சில நாட்களில் வந்தது. அதுவரை மதில்மேல் பூனையாக இருந்த மதுரைப் பக்கத்துப் பாளையக்காரர்கள் 'நாங்களும் வருகிறோம்' என்றார்கள். ஒரு வெற்றி பத்துத் தூதுவர்களுக்குச் சமம். கூட்டணியின் பலம் இருபத்தைந்தாயிரம் பேர், அதில் ஆயிரம் குதிரை என்று அந்தக் காலத்துக் கம்பெனி சரித்திர ஆசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதி வைத்திருக்கிறார்.

வராதவர்கள் இரண்டு பேர். கட்டபொம்மு நாயக்கரும் எட்டயபுரத்தாரும். பூலித்தேவர் கூப்பிடாமல் இல்லை. கூப்பிட்டார். ஆனால் அவர்களுடைய ஆட்கள் எதிரியின் கையில் பிணையாக இருந்தார்கள். இவர்கள் இங்கே வாளை உருவினால் அங்கே அவர்கள் கதி?

பழைய பகையும் காரணமாக இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. நம் மேடைகளில் 'அன்றைக்கே எல்லோரும் ஒற்றுமையாக இருந்திருந்தால்...' என்று பெருமூச்சு விடுவோமே, அதில் இந்தப் பிணைக் கைதிகளை வசதியாக மறந்துவிடுகிறோம். சிறையில் இருப்பது தம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் பெருமூச்சு விடுகிறவர் என்ன செய்வார்?

1756 மார்ச் 21-ம் தேதி திருநெல்வேலிக்கு வடக்கே பெரிய சண்டை. பட்டாணியத் தலைவர்களில் ஒருவர் விழுந்ததும் கூட்டணி கலைந்தது. திருவிதாங்கூர் அன்றைக்கு வரவில்லை. களக்காடுதான் கிடைத்துவிட்டதே.

மாபூஸ்கான் வாழ்நாளில் ஒரு சண்டையில் ஜெயித்தார். ஜெயித்தும் பிரயோஜனம் இல்லை.

*

இங்கேதான் கதை சினிமாவையே தூக்கிச் சாப்பிடுகிறது. மாபூஸ்கானுக்கும் தம்பி நவாபுக்கும் முட்டிக்கொண்டது. குத்தகைப் பணம் பாக்கி, கம்பெனி நெருக்குகிறது, தம்பி கைவிட்டுவிட்டார். அண்ணன் எங்கே போனார் தெரியுமா? நெற்கட்டும்செவலுக்கு. எந்தப் பூலித்தேவரை ஒழிக்கப் படை திரட்டினாரோ, அதே பூலித்தேவர் வீட்டுக்கு. 1757-க்குள் இது நடந்துவிட்டது.

பூலித்தேவர் அவரை ஏன் உள்ளே விட்டார்? அந்த மனுஷனிடம் பணம் இல்லை, படை இல்லை, புத்தியும் பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர் அன்வருதீன்கானின் மூத்த பிள்ளை. நவாபின் அண்ணன். இத்தனை நாள் 'கலகக்காரன்' என்று கம்பெனி சொன்ன ஆள், இப்போது 'நான் கலகக்காரன் இல்லை, மூத்தவர் பக்கம் இருக்கிறேன்' என்று சொல்லலாம். அக்கம்பக்கத்து ராஜாக்களுக்குக் கடிதம் எழுதும்போது மாபூஸ்கான் பேரும் சேர்ந்து போனால் அந்தக் கடிதத்துக்கு எடை கூடும். ஒரு வேளைச் சோறும் இருக்க ஒரு கூரையும் போட்டு இவ்வளவு பெரிய முத்திரையை யார் வாங்க முடியும்?

ஏழாம் பதிப்பு வரை வந்துவிட்ட அந்த விளையாட்டில், தோற்றுப்போன ராஜாவின் அண்ணனை வீட்டில் வைத்துச் சோறு போடுகிற பட்டன் இருந்தால் நன்றாக இருக்கும்.

1759 மே மாதம் மதுரைக்குத் திரும்பி வந்தார் யூசுப்கான். மருதநாயகம். 1997-ல் இங்கிலாந்து ராணியைக் கூப்பிட்டுக் கமல்ஹாசன் படப்பூஜை போட்டாரே, அதே மருதநாயகம். படம் வரவில்லை, ஆள் நிஜம். ராமநாதபுரத்துப் பனையூரில் பிறந்து, மதம் மாறி, சிப்பாயாகச் சேர்ந்து, கம்பெனியின் சுதேசிப் படைக்கே தலைவராக ஆனவர். சண்டையில் புலி. ஹெரான் மாதிரி விக்கிரகத்தைத் தூக்குகிற ரகம் இல்லை. நிலைமையைப் பார்த்தார். பூலித்தேவரை உடைக்க வேண்டுமானால் மலைக்கு அந்தப் பக்கத்தைப் பிடிக்க வேண்டும் என்று புரிந்துகொண்டார்.

திருவிதாங்கூரில் மார்த்தாண்டவர்மா 1758-ல் காலமாகி, மருமகன் ராமவர்மா பட்டத்துக்கு வந்திருந்தார். பின்னாளில் தர்மராஜா என்று பெயரெடுத்தவர். அவருக்கு வடகரைப் பாளையக்காரர் மேல் தீராத எரிச்சல். எல்லைத் தகராறு. வடகரையார் பூலித்தேவருக்கு வேண்டியவர். யூசுப்கான் போய், 'வடகரையை நான் அடிக்கிறேன், நீங்களும் வாருங்கள்' என்றார். பத்தாயிரம் பேர் மலை இறங்கி வந்தார்கள். வடகரையார் தப்பித்து நெற்கட்டும்செவலுக்கு ஓடினார்.

பூலித்தேவர் இப்போது என்ன செய்ய? மாபூஸ்கான் பேரையும் சேர்த்துக்கொண்டு ராமவர்மாவுக்குச் சொல்லியனுப்பினார். 'எங்கள் பக்கம் வாருங்கள். திருநெல்வேலிச் சீமையில் உங்களுக்கு எது தோதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.'

ராமவர்மா அந்தச் செய்தியை என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம். நேராக யூசுப்கானிடம் காட்டினார். 'பாருங்கள், அவர்கள் இவ்வளவு தருகிறேன் என்கிறார்கள். நீங்கள் என்ன தருகிறீர்கள்?'

ஏலம். வேறு பேர் வைக்க முடியாது.

யூசுப்கானுக்கு வேறு வழி இல்லை. கேட்டது களக்காடு, கொடுத்தார். களக்காடு அவருடையது இல்லை, நவாபுடையது. நவாபுக்கு இதில் உடன்பாடு இருக்க முடியாது. ஆனால் நவாப் திருச்சியிலும் சென்னையிலும் உட்கார்ந்திருக்கிறார், காரியம் இங்கே கெட்டுவிடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், அதே களக்காட்டை மூடேமியா ஒரு தரம் விற்றார், பூலித்தேவர் ஒரு தரம் பிடித்துக் கொடுத்தார், யூசுப்கான் ஒரு தரம் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர் மட்டும் மாறவே இல்லை.

களக்காட்டில் ஏர் பிடித்துக்கொண்டிருந்தவனிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? ம்ஹூம். இந்த வருஷம் நெல்லை அளக்க வந்தவன் தமிழ் பேசினான், அடுத்த வருஷம் வந்தவன் மலையாளம் பேசினான். அளந்த மரக்கால் ஒன்றுதான்.

இரண்டு படையும் சேர்ந்து 1759 நவம்பரில் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டன. இப்போதைய பஸ் ஸ்டாப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த மண்கோட்டை. மண்தானே என்று இளக்காரமாக நினைத்தார்கள். அந்த மண் வெயிலில் காய்ந்து கல்லாகியிருந்தது. குண்டு புதைந்ததே தவிரச் சுவர் சரியவில்லை. யூசுப்கானின் பெரிய பீரங்கி ஒன்று சொந்தச் சூட்டிலேயே வெடித்துப் போனது. டிசம்பர் தொடக்கத்தில் கடைசித் தாக்குதல் நடக்கும்போது, பூலித்தேவர் தேர்ந்தெடுத்த ஆட்களோடு காட்டுக்குள்ளிருந்து வெளிப்பட்டு, எதிரிகளின் கூடாரத்தையே பின்னாலிருந்து தாக்கினார். முற்றுகை முறிந்தது. திருவிதாங்கூர்ப் படை வீட்டுக்குப் போனது. களக்காட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டா போனது? அதெல்லாம் இல்லை.

*

யூசுப்கான் விடாக்கண்டர். 1760-ல் மாபூஸ்கான் தம்பியோடு ராசியாகி நெற்கட்டும்செவலைவிட்டுக் கிளம்பிவிட்டார். முத்திரை போயிற்று. மலைக்கு அந்தப் பக்கம் வாயடைத்தாயிற்று. கிழக்குப் பாளையங்கள் முன்பே கட்டுப்பட்டவை. ஒவ்வொரு நூலாக அறுத்துவிட்டு 1761-ல் வந்து அடித்தார். நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்று கோட்டைகளும் விழுந்தன. பூலித்தேவர் தலைமறைவானார். இந்தப் பனையூர் வேறு, யூசுப்கான் பிறந்த பனையூர் வேறு.

விளையாட்டாக இருந்தால் இந்த இடத்தில் திரையில் 'வெற்றி' என்று எழுத்து ஓடி, பாட்டு போட்டு, ஆட்டம் முடிந்திருக்கும். சீமை முழுக்க யூசுப்கான் நிறம்.

ஆட்டம் முடியவில்லை.

அடுத்த இரண்டே வருஷத்தில் யூசுப்கானுக்கும் நவாபுக்கும் முற்றிப்போனது. மதுரை, திருநெல்வேலியைத் திறமையாக நிர்வகித்தார், குளங்களை வெட்டினார், வரி ஒழுங்காக வந்தது. நவாபோ 'இவன் என் வேலைக்காரன்' என்றார். யூசுப்கான் 'நான் கம்பெனிக்குத்தான் கட்டுப்பட்டவன்' என்றார். கம்பெனி நவாப் பக்கம் சாய்ந்தது. 1763-ல் அவர் கலகக்காரர் ஆனார். ஒரு காலத்தில் பூலித்தேவர் மேல் குத்திய அதே முத்திரை.

இப்போது அவருக்குச் சிநேகிதர்கள் வேண்டும். யார் இருக்கிறார்கள்?

மேற்குப் பாளையங்களை அவரே நொறுக்கியிருந்தார். திருவிதாங்கூர்? 1762 வாக்கில் அதோடும் சண்டை போட்டு முடித்திருந்தார். புதுக்கோட்டைத் தொண்டைமானும், ராமநாதபுரம், சிவகங்கை மறவர் சீமைகளும் நவாபு-கம்பெனி அணியில். ஹைதர் அலிக்குத் தூது போனது, படை வரவில்லை. மிஞ்சியது மர்ஷான் என்ற பிரெஞ்சுக்காரனும் அவன் கூட வந்த கொஞ்சம் பேரும்.

மதுரைக் கோட்டையை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார். கம்பெனியின் தாக்குதலை ரத்தம் சொட்டச் சொட்டத் திருப்பி அனுப்பினார். ஆள் ஆளாகப் பார்த்தால் அந்தக் காலத் தென்னிந்தியாவில் அவருக்கு நிகரான தளபதி கிடையாது என்றே நினைக்கிறேன். கடைசியில் அவரைத் தோற்கடித்தது வெளியே இருந்த பீரங்கி இல்லை. 1764 அக்டோபர் 13-ம் தேதி உள்ளே இருந்தவர்களே பிடித்துக் கட்டினார்கள். திவான் சீனிவாசராவ், வைத்தியர் பாபா சாகிப், அந்த மர்ஷான். பதினைந்தாம் தேதி மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் தூக்கு. சமாதி இன்றும் அங்கே இருக்கிறது.

அவருடைய செல்வாக்கு மொத்தமும் கம்பெனியிடம் கடன் வாங்கியது. கடன் கொடுத்தவன் திருப்பிக் கேட்ட அன்றைக்கு, கஜானா நிறைய இருந்தும் அந்தக் கணக்கில் ஒன்றுமில்லை.

இப்போது நெற்கட்டும்செவல் பக்கம் திரும்புங்கள். எல்லாக் கோட்டையையும் இழந்து மூன்று வருஷம் காட்டில் திரிந்த பூலித்தேவர் என்ன ஆனார்? யூசுப்கான் போன கையோடு திரும்பி வந்தார். ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. ஆள் சேர்ந்தார்கள். மேற்குப் பாளையங்கள் மறுபடி நிமிர்ந்தன. கம்பெனி மறுபடியும் படை அனுப்ப வேண்டியிருந்தது. 1767 மே மாதம் கர்னல் டொனால்ட் காம்ப்பெல் வாசுதேவநல்லூரை அடித்தபோது, குண்டு விழுந்து ஓட்டையான இடத்தையெல்லாம் உள்ளே இருந்தவர்கள் வைக்கோலையும் பனைமரத்தையும் போட்டு அடைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தன் விழ, அடுத்தவன் அந்த இடத்துக்கு வந்து நின்றான். காம்ப்பெல்லே அசந்துபோய் மேலிடத்துக்கு எழுதினார். அப்புறம் ஒரு மழை நாளில் உள்ளே இருந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள்.

அந்த மனிதர்களுக்குப் பூலித்தேவர் 1767-ல் என்ன கொடுத்திருக்க முடியும்? கொடுக்க அவரிடம் ஒன்றும் மிச்சம் இல்லை.

அவர் முடிவு எப்படி என்பதற்குச் சான்று கிடையாது. சங்கரன்கோவில் கோயிலுக்குள் போனவர் ஜோதியில் மறைந்தார் என்று ஊர் சொல்கிறது. கோயிலில் அவர் பேரில் ஓர் அறையும் காட்டுகிறார்கள். இந்தச் சங்கதிகளை ஆங்கிலத்தில் தொகுத்து 1881-ல் திருநெல்வேலிச் சரித்திரமாக எழுதியவர், திராவிட மொழி இலக்கணம் எழுதிய அதே பிஷப் கால்டுவெல்தான். இடையன்குடியில் உட்கார்ந்து, ஓர்மையும் கம்பெனிக் கடிதங்களையும் புரட்டி எழுதினார். பூலித்தேவரை அவர் கம்பெனிக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறார். ஆனாலும் அந்த எரிச்சலான வரிகளுக்கு நடுவே, இத்தனை பேரை இந்த ஆள் எப்படிக் கூட்டிக் கட்டினான் என்ற வியப்பு எட்டிப் பார்க்கிறது.

களக்காடு என்ன ஆயிற்று? மூன்று தரம் கைமாறியதை யூசுப்கான் செத்தபிறகு நவாப் கணக்கெடுத்தார். திருவிதாங்கூரோடு 1766 வாக்கில் ஓர் உடன்படிக்கை. களக்காட்டின் மேல் உரிமை கிடையாது என்று ராமவர்மா எழுதிக் கொடுத்தார், வருஷக் கப்பமும் கட்ட ஒப்புக்கொண்டார். பதிலுக்குச் செங்கோட்டை அவரிடமே இருந்தது. நெல் போனாலும் கணவாய் மிஞ்சியது. நல்ல பேரம்தான்.

1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்களைப் பிரிக்கிற வரை செங்கோட்டை மலையாளத்து ராஜ்ஜியத்தோடுதான் இருந்தது. இப்போது பஸ் நிறுத்தாமல் போகும். ஊர் வாசலில் அந்தக் காலத்து வளைவு நிற்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் நிமிர்ந்து பாருங்கள், உச்சியில் திருவிதாங்கூரின் சங்கு.